எல்லாருக்கும் வந்த அப்டேட் உங்கள் கணினிக்கு மட்டும் வராதது ஏன்? ஆபீஸ் நெட்வொர்க்கின் உள்கதை

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் நண்பகல் 12.09.

உலகின் பல மூலைகளில் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றன. மறுபடி தொடக்கினால் மறுபடியும் அதே நீலம். மலேசியாவில் கேடிஎம்பி ரயில் நிறுவனத்தின் டிக்கெட் முறை தடுமாறியது. ஏர்ஏசியா, பயணிகளைக் கணினியின் துணையில்லாமல் செக்-இன் செய்ய வேண்டி வந்தது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்களின் கவுண்டர்களில் இதே நிலைமைதான்.

"ஹேக் பண்ணிட்டாங்களா?" இதுதான் அன்று பலருடைய வாயில் வந்த முதல் கேள்வி.

யாரும் ஹேக் செய்யவில்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், தன் ஃபால்கன் மென்பொருள் இருக்கும் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பு எந்தத் தடையும் இல்லாமல், போக வேண்டிய எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதுதான் பிரச்சினை.

பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. உலகில் உள்ள விண்டோஸ் கணினிகளில் இது ஒரு விழுக்காடுகூட இல்லை. மலேசியாவில் 5 அரசு அமைப்புகளும் 9 நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ சில நாள்களில் தெரிவித்தார். இழப்பீடு பற்றிப் பரிசீலிக்கும்படி மைக்ரோசாப்டையும் கிரவுட்ஸ்டிரைக்கையும் அவர் கேட்டுக்கொண்டார்.

அந்த நாளுக்குப் பின்னால் வருவோம். அதைப் புரிந்துகொள்ள, முதலில் அதற்கு நேர் எதிரான இன்னொரு கதை தெரிய வேண்டும். அது ஜொகூர் பாருவிலும் பாசிர் கூடாங்கிலும் பத்து பகாட்டிலும் ஏதாவது ஓர் ஆபீஸில் தினமும் நடப்பது.

"தம்பி, எல்லாருக்கும் புது சாஃப்ட்வேர் வந்திருச்சாம். எனக்கு மட்டும் வரலையே?"

"ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களாக்கா?"

"ரெண்டு தடவ பண்ணிட்டேன்பா!"

அக்கா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் ரீஸ்டார்ட் செய்யவும் இல்லை. அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

ஆபீஸ் கணினி உங்களுடையது இல்லை

வீட்டு லேப்டாப்பில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் நீங்களே இறக்குவீர்கள், நீங்களே நிறுவுவீர்கள். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் அப்படி விட முடியாது. எந்தக் கணினியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரே இடத்திலிருந்து தீர்மானித்து அனுப்புவார்கள். நிர்வகிக்கப்படும் நெட்வொர்க் என்று சொல்வது இதைத்தான்.

விண்டோஸ் ஆபீஸ்களில் இதற்கு மூன்று வழிகள் பரவலாக உண்டு. பழையது, குரூப் பாலிசி. பெரிய நிறுவனங்கள் நெடுங்காலமாக நம்பியிருப்பது, கான்ஃபிகரேஷன் மேனேஜர். கிளவுட் வழியாக வருவது, இன்ட்யூன். பல இடங்களில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஏற்பாடு செய்த ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார். எது எதை அனுப்புகிறது என்று கண்டுபிடிப்பதே பாதி நாளைத் தின்றுவிடும்.

எந்த வழியாக இருந்தாலும் பயணம் ஒன்றுதான். 'இதை நிறுவு' என்ற கட்டளை உங்கள் கணினிக்கு வர வேண்டும். பிறகு மென்பொருள் கோப்பு வர வேண்டும். அது ஓட வேண்டும். ஓடி முடித்ததா என்று சோதித்துத் தலைமையிடத்துக்குத் தகவல் போக வேண்டும். தலைமைத் திரையில் தெரிவதோ 'ஃபெயில்ட்' என்ற ஒரே சிவப்புச் சொல். நான்கில் எது சறுக்கியது என்பதை அந்தச் சிவப்பு சொல்வது அபூர்வம்.

முதலில் எண்ணுங்கள்

அனுபவமில்லாத ஐடி ஊழியர் செய்யும் முதல் காரியம், அக்காவின் மேசைக்கு ஓடிப் போய், பென்டிரைவில் கொண்டுவந்த மென்பொருளைக் கையால் நிறுவிவிடுவது. அக்காவுக்குச் சந்தோஷம். தடயம் அழிந்துவிட்டது. அடுத்த வாரம் இன்னும் பத்துப் பேருக்கு அதே பிரச்சினை வரும்போது கையில் எதுவும் இருக்காது.

முதல் கேள்வி, எத்தனை கணினிகளில் வரவில்லை என்பதே. ஒன்றிலும் வரவில்லை என்றால் அனுப்பிய இடத்தில்தான் கோளாறு. கணினிகளைத் தொட வேண்டாம். ஒன்றே ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால், டிஸ்க் நிரம்பியிருக்கலாம், நிர்வாக ஏஜெண்ட் செத்திருக்கலாம். அந்தக் கணினியைப் பார்க்கலாம்.

'சில' கணினிகளில் வரவில்லை என்பதுதான் சுவாரசியமான பதில். அந்தச் சிலவற்றுக்கு ஏதோ ஒன்று பொதுவாக இருந்தே தீரும். எல்லாம் லேப்டாப்களா? ஒரே மாடியா? ஒரே நாளில் வாங்கியவையா? எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களா? வந்த கணினி ஒன்றையும் வராத கணினி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன வித்தியாசம் என்று தேடுவது, இந்தத் தொழிலில் பாதி வேலை.

கட்டளையே வராத கணினி

குரூப் பாலிசி கட்டளைகள் உடனே வருவதில்லை. கணினி 90 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைக் கேட்கும். அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை தன்னிச்சையாக ஒரு தாமதத்தையும் சேர்த்துக்கொள்ளும். எல்லாக் கணினியும் ஒரே நொடியில் போய் சர்வரின் கதவைத் தட்டக் கூடாதே! ஆகவே காலை 9 மணிக்கு அனுப்பிவிட்டு 9.10க்கு "வரலையே" என்று பதறுவதில் அர்த்தமில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஜொகூரில் வசிக்கிறவர்களுக்கு அது ரொம்பப் பொருந்தும்.

குரூப் பாலிசி வழியாக மென்பொருள் நிறுவ வேண்டுமென்றால், 90 நிமிடக் கணக்கு உதவாது. கணினிக்கு ஒதுக்கப்பட்ட மென்பொருள், கணினி தொடங்கும் தருணத்தில்தான் நிறுவப்படும். நீங்கள் பாஸ்வேர்டு தட்டுவதற்கு முன்பே, ஆபீஸ் சர்வரை அது தொட்டிருக்க வேண்டும்.

இப்போது இதை யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஸ்கூடாயில் இருக்கிறீர்கள். கம்பெனி சிங்கப்பூரில். வாரத்தில் இரண்டு நாள் பாலத்தைத் தாண்டிப் போகிறீர்கள், மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. வீட்டில் லேப்டாப்பைத் திறக்கிறீர்கள், உள்நுழைகிறீர்கள், பிறகு விபிஎன்னை இயக்குகிறீர்கள். அந்த வரிசையைக் கவனியுங்கள். கணினி தொடங்கியபோது விபிஎன் இல்லை. ஆபீஸ் சர்வர் கண்ணுக்கே தெரியவில்லை. விபிஎன் வந்தபோது, மென்பொருள் நிறுவும் தருணம் தாண்டிவிட்டது. மாதக் கணக்கில் இப்படியே போகலாம். உங்கள் பக்கம் ஒரு தவறும் இல்லை, சர்வர் பக்கமும் ஒரு தவறும் இல்லை. ரெண்டும் சந்திக்கும் நேரம்தான் ஒத்துவரவில்லை.

ஆபீஸிலேயே இருந்தாலும் வைஃபை லேப்டாப்களுக்கு இதே கதி நேரும். விண்டோஸ் வேகமாகத் தொடங்க ஆசைப்பட்டு, நெட்வொர்க் தயாராகும்வரை காத்திருக்காது. 'தொடக்கத்தில் நெட்வொர்க்குக்காகக் காத்திரு' என்று ஓர் அமைப்பே குரூப் பாலிசியில் இருக்கிறது. அதை இயக்கினால் பல ஆபீஸ்களில் மர்மம் தீர்ந்துவிடும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இன்ட்யூன் போன்ற கிளவுட் வழி பொருந்துவதற்கும் இதுதான் காரணம். அதற்கு இணையம் இருந்தால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், கடிகாரம். ஆபீஸ் சர்வருக்கும் உங்கள் கணினிக்கும் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை வழக்கமான அமைப்பில் கதவைச் சாத்திவிடும். மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் இது நடக்கும். வெளியே தெரிவதோ 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற அறிவிப்பு. பாஸ்வேர்டை மாற்றுவார்கள், உரிமைகளை மாற்றுவார்கள், வலது கீழ் மூலையில் இருக்கும் மணியை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

சில நேரம் மைக்ரோசாப்டே விளையாட்டை மாற்றிவிடும். 2016 ஜூனில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், பயனருக்கான குரூப் பாலிசிகளை இனி கணினியின் அடையாளத்தில்தான் படிக்க வேண்டும் என்று ஆக்கியது. பாதுகாப்புக்கு நல்ல மாற்றம். ஆனால் படிக்கும் உரிமையை ஆள்களுக்கு மட்டும் கொடுத்துவைத்திருந்த ஆபீஸ்களில், நேற்றுவரை ஓடிய பாலிசிகள் மறுநாள் காணாமல் போயின. யாரும் எதையும் தொடவில்லை, ஆனால் உடைந்துவிட்டது. இந்த வரியை ஐடி ஊழியரிடம் சொன்னால் சிரிப்பார்கள். சில சமயம் அது உண்மை.

கட்டளை வந்தது, பொருள் வரவில்லை

கோலாலம்பூரில் தலைமையகம், இஸ்கண்டார் புத்ரியில் புதுக் கிளை என்று வைத்துக்கொள்வோம். கிளையில் 60 கணினிகள். அனுப்ப வேண்டிய மென்பொருள் 2 ஜிபி.

ஒவ்வொரு கணினியும் தனித்தனியாகத் தலைமையகத்திலிருந்து இழுத்தால் மொத்தம் 120 ஜிபி. கிளையின் இணைய வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்றால், வேறு யாரும் எதுவும் செய்யாமல் முழு வேகமும் இதற்கே கிடைத்தால்கூட 2 மணி 40 நிமிடம் ஆகும். காலை 9 மணிக்கு இதைத் தொடங்கினால் வீடியோ மீட்டிங்கில் இருப்பவர்களின் முகம் உறைந்து நிற்கும். இதனால்தான் ஒரு கணினி இறக்கியதைப் பக்கத்துக் கணினிகளுடன் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுகள் விண்டோஸில் இருக்கின்றன. அல்லது, கிளையிலேயே ஒரு சேமிப்பு சர்வர் வைப்பார்கள்.

அப்படி வைத்த பிறகும் புதுக் கிளையில் அடிக்கடி நடக்கும் ஒரு மறதி உண்டு. இந்த ஐபி முகவரிகள் ஜொகூர் கிளைக்குச் சொந்தமானவை, இவர்கள் ஜொகூர் சர்வரிடம் போக வேண்டும் என்று கான்ஃபிகரேஷன் மேனேஜருக்கு யாராவது சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கணினிகளுக்கு எங்கே போய்ப் பொருளை வாங்குவது என்றே தெரியாது. 'உள்ளடக்கத்துக்காகக் காத்திருக்கிறது' என்ற நிலையிலேயே நாள்கணக்கில் நிற்கும். பிழைச் செய்தி வராது. காத்திருப்பதை அது பிழையாகக் கருதுவதில்லை!

ஓடியது, ஆனால் யாருடைய கையால்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்போம். "என் கையால் நிறுவினா சரியா வருது, நெட்வொர்க்ல அனுப்புனா வரமாட்டேங்குது" என்ற புலம்பலுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

நெட்வொர்க் வழியாக வரும் மென்பொருளைப் பெரும்பாலும் நீங்கள் நிறுவுவதில்லை. கணினிக்குள் 'சிஸ்டம்' என்ற பெயரில் இருக்கும் ஒரு கணக்கு நிறுவுகிறது. அந்தக் கணினிக்குள் அதற்கு அதிகாரம் அதிகம், உங்களைவிட அதிகம். ஆனால் வெளியே போனால், நெட்வொர்க்கில் அது நீங்கள் இல்லை. அந்தக் கணினியின் பெயரில்தான் போய் நிற்கும்.

விளைவைப் பாருங்கள். மென்பொருள் கோப்பு ஒரு பொது ஃபோல்டரில் இருக்கிறது. ஊழியர்கள் எல்லாருக்கும் அதைப் படிக்க உரிமை உண்டு. நீங்கள் இரண்டு முறை சொடுக்கினால் நிறுவிக்கொள்கிறது. சிஸ்டம் கணக்கு போய்க் கேட்டால், "நீ யாரு?" என்று சர்வர் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஊழியர்களுக்கு உரிமை கொடுத்தவர் கணினிகளுக்குக் கொடுக்க மறந்துவிட்டார். உங்களுக்குத் தெரியும் இசட் டிரைவ்கூட சிஸ்டம் கணக்குக்குத் தெரியாது. அது உங்கள் உள்நுழைவுக்கு மட்டும் போட்டுக் கொடுத்த குறுக்குவழி.

இன்னொரு கூத்தும் உண்டு. சில மென்பொருள்கள் நிறுவும்போது ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி 'நெக்ஸ்ட்' அழுத்தச் சொல்லும். சிஸ்டம் கணக்கு ஓடுவது மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஓர் அறையில். அந்த அறையில் பெட்டி திறக்கும், யாராவது அழுத்துவார்கள் என்று காத்திருக்கும். அழுத்த யாரும் இல்லை. நேரக் கெடு முடிந்ததும் 'தோல்வி' என்று தகவல் போகும். ஓசையில்லாமல் நிறுவும் முறையில் அனுப்பப்படாத மென்பொருள்களின் கதை இப்படித்தான் முடியும்.

ஆகவே, அனுப்புவதற்கு முன் உங்கள் கணக்கில் சோதித்துப் பார்ப்பது போதாது. சிஸ்டம் கணக்காக ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். அதற்கு மைக்ரோசாப்டே தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

1603 என்ற எண்ணின் மர்மம்

விண்டோஸ் நிறுவி தோற்றால் ஓர் எண்ணைத் துப்பும். அதிகம் பார்ப்பது 1603. 'கடும் பிழை' என்று அதற்கு விளக்கம். அதாவது, எதுவும் சொல்லவில்லை. டாக்டர் "உடம்பு சரியில்லை" என்று சொல்வது மாதிரி.

உண்மையான காரணம் பதிவுக் கோப்பில், அதாவது லாக்கில் இருக்கும். விரிவான லாக்கை எழுதச் சொல்லி மறுபடி நிறுவிப் பார்த்தால் ஆயிரக்கணக்கான வரிகள் கிடைக்கும். அதை முதலிலிருந்து படிக்க உட்காராதீர்கள். 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடுங்கள். முதலில் அகப்படும் இடத்துக்குச் சில வரிகள் மேலே பெரும்பாலும் குற்றவாளி நிற்பான். ஒரு கோப்பைப் பூட்டி வைத்திருக்கும் வேறு செயலி, எழுத உரிமையில்லாத ஃபோல்டர், இப்படி ஏதாவது. கடைசி வரியில் இருப்பது விளைவு மட்டுமே.

1618 வந்தால் பயம் வேண்டாம். வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, பொறு என்று பொருள். 3010 வந்தால் இன்னும் நல்லது. அது தோல்வியே இல்லை. வேலை முடிந்தது, ஒருமுறை ரீஸ்டார்ட் வேண்டும் என்கிறது. பூஜ்யம் தவிர எந்த எண் வந்தாலும் சிவப்பு என்று எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள்தான் 3010ஐப் பார்த்துவிட்டு வீணாக அலறும்.

நிறுவியாயிற்று, ஆனால் 'இல்லை' என்கிறது

கடைசிப் படி சோதனை. நிறுவி முடித்ததும் நிர்வாக ஏஜெண்ட், இன்ன ஃபோல்டரில் இன்ன கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். எங்கே பார்க்க வேண்டும் என்பதை மனிதர்தான் சொல்லியிருப்பார். 32 பிட் மென்பொருள் ஒரு ஃபோல்டரில் அமரும், 64 பிட் வேறு ஃபோல்டரில். தப்பான ஃபோல்டரைச் சொல்லியிருந்தால், கண்ணெதிரே ஓடும் மென்பொருளை 'காணவில்லை' என்று புகார் செய்யும்.

குரோம் போலத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள்களில் இது இன்னும் வேடிக்கை. குறிப்பிட்ட ஒரு பதிப்பு எண் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லியிருப்பார்கள். குரோம் அதற்குள் அடுத்த பதிப்புக்குப் போயிருக்கும். ஏஜெண்ட் பார்க்கும், சொன்ன எண் இல்லை, திரும்ப நிறுவு என்று கிளம்பும். ஒரு குழப்பமும் இல்லாத கணினியில் ஓயாத குழப்பம். 'இந்தப் பதிப்பு அல்லது அதற்கு மேல்' என்று ஒரு சொல்லை மாற்றினால் அடங்கிவிடும்.

எல்லாம் சரியாக நடந்த நாள்

இப்போது ஜூலை 19க்குத் திரும்புவோம். மேலே சொன்ன நான்கு படிகளில் அன்று எதுவும் சறுக்கவில்லை. கட்டளை போனது, கோப்பு போனது, ஓடியது. உள்ளே இருந்ததுதான் கெட்டுப்போயிருந்தது.

ஃபால்கன் விண்டோஸின் மையப் பகுதியில் ஓடும் மென்பொருள். புதுத் தாக்குதல் முறைகளை அடையாளம் காண அதற்கு அவ்வப்போது சின்னச் சின்னத் தகவல் கோப்புகள் போகும். அன்று போனது 291 என்ற எண் கொண்ட கோப்பு. அதில் இருந்த ஒரு விதி, 21 தகவல்களை எதிர்பார்த்தது. மென்பொருள் அதற்குக் கொடுத்தது 20தான். அதற்கு முன் வந்த விதிகள் 21ஆவது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்று சொல்லியிருந்ததால், குறைவது யாருக்கும் தெரியவில்லை. ஜூலை 19 அன்று வந்த விதி முதன்முறையாக அந்த 21ஆவது தகவலைத் தேடிப் போனது. இல்லாத இடத்தில் கைவிட்டது. மையப் பகுதியில் இப்படி நடந்தால் விண்டோஸுக்குத் தெரிந்த ஒரே வழி, நின்றுவிடுவது. கோப்பை அனுப்புவதற்கு முன் சோதிக்கும் கருவியிலும் ஒரு பிழை இருந்ததால், இது அங்கேயும் பிடிபடவில்லை.

மனசுக்கு வலிக்கும் பகுதி வேறு. கவனமான பல நிறுவனங்கள் ஃபால்கனின் புதிய பதிப்பை உடனே எடுக்காமல், ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கும்படி அமைத்திருந்தன. சரியான பழக்கம்தான். ஆனால் அந்த அமைப்பு மென்பொருளின் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். தகவல் கோப்புகள் அதைத் தாண்டி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போயின. முன்வாசலைப் பூட்டியிருந்தவர்களுக்கு, பக்கத்தில் இன்னொரு வாசல் இருப்பது அன்றுதான் உறைத்தது.

கிரவுட்ஸ்டிரைக் பிற்பகல் 1.27க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றது. மொத்தம் 78 நிமிடம். அதற்குள் விழுந்த கணினிகளுக்குத் திரும்பப் பெற்றதால் பலன் குறைவு. தொடங்கவே முடியாத கணினிக்கு எந்த ஏஜெண்ட் வழியாகக் கட்டளை அனுப்புவது? ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து, பாதுகாப்பு முறையில் தொடக்கி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தட்ட வேண்டும். அந்தச் சாவிகள் இருந்த சர்வரே நீலத் திரையில் நின்ற இடங்களை நினைத்துப் பாருங்கள். ஜூலை 25 வாக்கில் 97 விழுக்காட்டுக்கு மேல் மீண்டுவிட்டதாக அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஜார்ஜ் கர்ட்ஸ் தெரிவித்தார். 78 நிமிடத் தவறுக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம்.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 2010 ஏப்ரல் 21இல் மெக்காஃபியின் வைரஸ் தடுப்பு அப்டேட் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று முடிவு கட்டியது. ஏராளமான கணினிகள் முடங்கின. அப்போது மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவரும் இதே ஜார்ஜ் கர்ட்ஸ்தான்.

ஜொகூரின் வெள்ளிக்கிழமை

அந்த 78 நிமிடத்தில் அணைந்திருந்த கணினிகள் தப்பின. 2014 முதல் 2024 இறுதிவரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆகவே ஜூலை 19 அன்று மாநில அரசு அலுவலகங்கள் மூடியிருந்தன. தனியார் நிறுவனங்களில் பலவற்றுக்கு அது வேலை நாள், அதுவும் மதிய உணவும் வெள்ளித் தொழுகையும் சேரும் வேளை. திரையைப் பூட்டிவிட்டு வெளியே போயிருப்பார்கள். திரை பூட்டியிருந்தாலும் கணினி விழித்துத்தான் இருக்கும், அப்டேட்டையும் வாங்கிக்கொள்ளும்.

"வெள்ளிக்கிழமை எதையும் அனுப்பாதே" என்பது உலகெங்கும் ஐடி ஆள்கள் சொல்லும் பாதி நகைச்சுவை, பாதி சட்டம். உடைந்தால் சரிசெய்ய மறுநாள் ஆள் இருக்காது. அப்போது ஜொகூரில் அந்தச் சட்டத்தை வியாழக்கிழமைக்கு மாற்றிப் படிக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூர் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பிவிட்டது. கெடா, கிளந்தான், திரெங்கானு இன்னும் வெள்ளி, சனிதான். அலோர் ஸ்டாரிலும் ஜொகூர் பாருவிலும் கிளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, 'சனி இரவு நிறுவு' என்ற ஒரே வரி இரண்டு ஊரில் இரண்டு விதமாக வேலை செய்யும். அலோர் ஸ்டாரில் மறுநாள் காலை அலுவலகம் திறந்துவிடும். ஜொகூரில் பழைய விடுமுறைக்கு ஏற்ப எழுதிவைத்த அட்டவணைகள் எங்காவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், இப்போது வேலை நாளின் நடுவில் கணினிகளை ரீஸ்டார்ட் செய்யும்.

அட்டவணையைவிட முக்கியம், வளையங்கள். முதலில் ஐடி பிரிவின் சொந்தக் கணினிகள், பிறகு பத்துப் பேர், பிறகு ஒரு கிளை, கடைசியில் எல்லாரும். ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு நாள். அந்தப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்களை மட்டும் சேர்ப்பார்கள். அவர்களுடைய கணினி புதுசாக இருக்கும், உரிமைகள் கூடுதலாக இருக்கும், அங்கே எதுவும் உடையாது. கணக்குப் பிரிவில் பழைய பிரிண்டரோடு மாரடிக்கும் அக்காவின் கணினி அந்தப் பத்தில் ஒன்றாக இருக்க வேண்டும்.

கணக்குப் பிரிவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. அதன்பிறகு சிறிய நிறுவனங்கள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. கணக்கு மென்பொருளைக் கெடு தேதிக்குள் புதுப்பித்தே ஆக வேண்டிய நிலை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. இப்படிக் கெடு நெருங்கும்போதுதான் "வளையமெல்லாம் வேணாம், எல்லாருக்கும் ஒரேடியா தள்ளிவிடு" என்று மேலிருந்து சொல்வார்கள். ஜூலை 19க்குப் பிறகு கிரவுட்ஸ்டிரைக் தன் தகவல் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது, எப்போது வாங்குவது என்ற கட்டுப்பாட்டையும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது.

சரி, அந்த அக்காவின் ரீஸ்டார்ட்?

அவர் செய்தது 'ஷட் டவுன்'. பிறகு பவர் பட்டனை அழுத்தித் திறந்தார். இரண்டு தடவை. யாராக இருந்தாலும் அதை ரீஸ்டார்ட் என்றுதான் சொல்வார்கள்.

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஓர் ஏற்பாடு பல கணினிகளில் இயல்பாகவே இயங்குகிறது. ஷட் டவுன் அழுத்தும்போது, விண்டோஸ் தன் மையப் பகுதியை முழுதாக மூடுவதில்லை. அதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே எழும். சீக்கிரம் திறக்கிறது, சந்தோஷம். ஆனால் கணினி தொடங்கும் தருணத்துக்காகக் காத்திருக்கும் குரூப் பாலிசி நிறுவலுக்கு, அந்தத் தருணம் வருவதே இல்லை. 3010 என்று சொல்லிவிட்டு ரீஸ்டார்டுக்காக நிற்கும் வேலைகளும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கலாம். மெனுவில் 'ரீஸ்டார்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் முழுமையாக மூடி, முழுமையாகத் திறக்கும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'அப் டைம்' என்ற இடத்தைப் பாருங்கள். தினமும் மாலை அணைத்துவிட்டுப் போகும் கணினியில்கூட அது 20 நாள், 30 நாள் என்று காட்டலாம். ஐடி பிரிவை அழைப்பதற்கு முன் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே கணினியின் பெயர், பிரச்சினை வந்த மணி, அப்போது விபிஎன்னில் இருந்தீர்களா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். லாக்கில் எந்த வரியைத் தேட வேண்டும் என்று அவர்களுக்கு அது போதும்.